டிக் போடும் கை

கேள்வி:

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு 24 வயது. வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு. டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாக அசெம்ப்ளி லைனில் இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா, தம்பி, நான்.

அம்மாவுக்குச் சாமி பக்தி அதிகம், எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் ஷிப்டும் பஞ்சாங்கமும் ஒத்துப்போவதே இல்லை. ஒரு வாரம் காலை ஆறு மணி, ஒரு வாரம் மதியம் இரண்டு மணி, ஒரு வாரம் இரவு பத்து மணி. மதிய ஷிப்ட் வரும்போது வியாழக்கிழமை ராகு காலத்தில்தான் கார்டு தேய்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றரைக்கு முன்பே உள்ளே போய்விடு என்பார் அம்மா. கம்பெனி பஸ்ஸே ஒன்றே முக்காலுக்குத்தான் போய்ச் சேரும். போன வருடம் வேறொரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணி. ராகு காலம் கழியட்டும் என்று ஒன்பது மணிக்கு மேல்தான் அம்மா அனுப்பினார். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புரட்டாசியில் வீட்டில் கவுச்சி சேர்ப்பதில்லை. கேன்டீனில் அப்படி இருக்க முடியவில்லை. இரண்டு குழம்புக்கும் ஒரே கரண்டி. சனிக்கிழமை ஓ.டி. பார்த்தால் இரட்டைச் சம்பளம். தளிகை போடும் நாளில் வேலைக்கு என்ன அவசரம் என்று அம்மா சண்டை பிடிக்கிறார்.

பெரிய கவலை வேறு. எனக்கு வேலை கிடைத்தால் திருப்பதியில் முடி இறக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டார். என் முடியை! என்னைக் கேட்கவே இல்லை. மூன்று வருடமாகத் தள்ளிக்கொண்டே போகிறேன். இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மொட்டைத் தலையோடு எப்படி நிற்பது? தம்பிக்குக் காய்ச்சல் வந்தால்கூட, ஏழுமலையானைச் சொல்லி, "வட்டிக்காசுக்காரன் வட்டி வாங்குகிறான்" என்கிறார் அம்மா. கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். மணிக்கு ஒரு முறை ஐந்து பீஸ் எடுத்து ஸ்க்ரூ இறுக்கத்தை மீட்டரில் பார்த்து செக்‌ஷீட்டில் எழுத வேண்டும். கடைசி இரண்டு மணி நேரம் டார்கெட் ஓட்டத்தில் நேரமே இருக்காது. லைன் லீடர் அண்ணா "ஓகே வேசேய் அம்மா" (ஓகே போட்டுவிடு) என்பார். எல்லாரும் பார்க்காமலே டிக் போட்டுவிடுவோம். பக்கத்து ஸ்டேஷனில் நெல்லூர் முஸ்லிம் பெண் ஒருத்தி மட்டும் பஸ் போய்விடும் என்றாலும் அளந்துவிட்டுத்தான் எழுதுவாள். ரம்ஜான் நோன்பிலும் அப்படித்தான். ஏன் என்றால் "தோளில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் அக்கா" என்று சிரிப்பாள்.

சாமி நம்பிக்கை உள்ளவர்கள் இந்த மாதிரி வேலையில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

வாசகி, திருப்பதி மாவட்டம்
(கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்:

உங்கள் கடிதம் முழுசாக நான்கு பக்கம். ராகு காலத்துக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். புரட்டாசிக்கும் முடிக்கும் இரண்டு பக்கத்துக்கு மேல். "சின்ன விஷயம்" என்றதற்கு ஆறு வரி. என் பதிலில் இந்தக் கணக்கு மாறும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆன்மிகப் பகுதிக்குப் பதில் எழுதுகிறவன் என்றாலும், அதற்கு முன்பு 29 வருடம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் நான். செக்‌ஷீட் என்ற சொல்லைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் ராகு காலம். சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, அதில் கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்கினார்கள். உதயம் ஆறு, அஸ்தமனம் ஆறு என்று வைத்துக்கொண்ட சராசரிக் கணக்குதான் காலண்டரில் இருக்கும் ஒன்றரை மணி நேரம். உங்கள் ஊரில் ஜூன் மாதத்துப் பகல் பதின்மூன்று மணி நேரத்தை நெருங்கும், டிசம்பரில் பதினொன்றரைக்கும் குறையும். எனவே காலண்டரில் ஏழரை என்று அச்சாகியிருக்கும் திங்கட்கிழமை ராகு காலம், கணக்குப் பார்த்தால் ஜூனில் ஏழு இருபதை ஒட்டியும் டிசம்பர் கடைசியில் ஏழே முக்காலுக்கு மேலும்தான் தொடங்கும். ஒரு நிமிடம் முன்னே பின்னே என்று வாசலில் நின்று கடிகாரம் பார்ப்பவர்கள் இதையும் பார்த்தால் நல்லது.

அந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்காதே என்பதுதான் பெரியவர்கள் சொன்னது. மூன்று வருடமாகப் பார்க்கும் வேலைக்கு வியாழக்கிழமை போவது தொடக்கம் ஆகாது. இதே ராகு காலத்தைத் தேடிப் போய் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுகிறவர்கள் நாம்தான். உங்களுக்குப் பக்கத்துக் காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக்கும் அந்த நேரத்தையே விசேஷம் என்று கேட்டு வருகிறார்கள். உங்கள் மூன்று ஷிப்டில் வியாழன் மதியம் ஒன்றுதான் இடிக்கிறது. வருடத்துக்கு மொத்தம் பதினேழு நாள் வரும். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், வியாழன் காலை ஆறு மணி எமகண்டம். அந்த ஷிப்டை அவர் இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் இன்டர்வியூ போனது எனக்கு மனசு ஆறவில்லை. நம் பாட்டிமார் இருந்திருந்தால் அதை விட்டிருக்கவே மாட்டார்கள். பயணம் தள்ளிப்போட முடியாதபோது, கெட்ட நேரம் தொடங்குவதற்கு முன்பே பெட்டியைக் கொண்டுபோய் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். பெட்டி புறப்பட்டுவிட்டது, இனி ஆள் எப்போது போனாலும் சரி. சாஸ்திரத்தையும் விடவில்லை, காரியத்தையும் விடவில்லை. எட்டு மணி இன்டர்வியூவுக்கு ஏழு மணிக்கு வாசற்படி தாண்டியிருந்தால் விஷயம் முடிந்தது. அடுத்த முறை அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர் அம்மா செய்து பார்த்திருப்பார்.

நீங்கள் இருக்கும் இடமே இதற்கு ஒரு பாடசாலை. மாடிக்கு ஏறினால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தெரியும் தூரம். ஏவுவதற்கு முன் இஸ்ரோ அதிகாரிகள் ராக்கெட்டின் சிறிய மாதிரியை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போவதையும், சூளூர்பேட்டை செங்காளம்மன் கோயிலில் கும்பிடுவதையும் உள்ளூர்க்காரர்கள் அறிவார்கள். அறிவியலாளர்களுக்கு இது தேவையா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அந்தச் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. கும்பிட்ட பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். 2023 மே 29, திங்கட்கிழமை, காலை 10.42-க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்12 கிளம்பியது. திங்கள் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எமகண்டம். செயற்கைக்கோள் போக வேண்டிய பாதைக்கு எந்த நேரம் சரியோ அந்த நேரத்தில் விட்டார்கள், அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. சாமி கும்பிட ஒரு நேரம், பொத்தானை அழுத்த ஒரு நேரம் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதே இஸ்ரோவிடம் இன்னொரு கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

ஷிப்டில் இருப்பதால் வழிபாடு ஒழுங்காக இல்லையே என்று வருந்துகிறீர்கள். காளஹஸ்தி என்றால் எல்லாரும் கண்ணப்பரைப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையில் அர்ச்சகர் சிவகோசரியார் மேல் ஒரு தனிப் பாசம். ஒவ்வொரு நாளும் வருகிறார். யாரோ ஒருவன் இறைச்சியைப் படைத்துவிட்டுப் போயிருக்கிறான். அழுகிறார், கூட்டிப் பெருக்குகிறார், குளித்துவிட்டு வந்து மறுபடி பூஜை செய்கிறார். மறுநாளும் அதே. கண்ணப்பரைப் போலக் கண்ணைப் பெயர்த்துக் கொடுப்பது நம்மால் ஆகாத காரியம். குலைந்துபோனதைத் திட்டிக்கொண்டே சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது நம்மால் ஆகும். ஒரு பிரதோஷம் போனால் அடுத்த பிரதோஷம் பதினைந்து நாளில் வருகிறது. உங்களுக்குப் பக்கத்தில் ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. ஆலகாலத்தைக் குடித்த களைப்பில் சிவன் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோயில். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்தச் சாமியைப் பார்த்தாவது பகலில் குற்ற உணர்வில்லாமல் தூங்கலாம். செங்காளம்மன் கோயிலோ இரவும் பகலும் கதவு சாத்தாத கோயில். ஷிப்ட்காரர்களுக்கென்றே கட்டியது போல இருக்கிறது.

புரட்டாசியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கரண்டி பிரச்சினைக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். நான்கு சனிக்கிழமையில் ஒன்றை அம்மாவுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு, மற்ற நாளில் ஓ.டி. பாருங்கள். தளிகையை விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டாலும் பெருமாள் ஏற்றுக்கொள்வார். குடும்பத்தைத் தாங்குகிறவள் இரட்டைச் சம்பளத்துக்குப் போவதைப் பேராசை என்று சொல்ல எந்தச் சாமிக்கும் மனம் வராது.

இப்போது செக்‌ஷீட் பற்றிய அந்த ஆறு வரிக்கு வருவோம்.

மார்கழி மாதம் திருமலையில் அதிகாலையில் சுப்ரபாதம் கிடையாது. அதற்குப் பதிலாகத் திருப்பாவை. தெலுங்கு நாட்டு மலையில் முப்பது நாளும் ஒரு தமிழ்ப்பெண்ணின் பாட்டில்தான் பெருமாள் கண் விழிக்கிறார். சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழ்ப்பெண்ணுக்கு இது தனிப் பெருமை. அந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் 1960 வரை செங்கல்பட்டு மாவட்டம்தானே, திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது அவை ஆந்திரத்துக்குப் போயின. அது இருக்கட்டும். திருப்பாவையின் இரண்டாவது பாட்டில் ஆண்டாள் நோன்பின் விதிகளைச் சொல்கிறாள். சாப்பாட்டில் எதை ஒதுக்குவது, அலங்காரத்தில் எதை விடுவது, எத்தனை மணிக்குக் குளிப்பது என்று ஆரம்பிக்கிறாள். அங்கே நிறுத்தவில்லை. தகாத காரியம் செய்யமாட்டோம், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் தீயதாகப் போய்ச் சொல்லமாட்டோம், இல்லாதவருக்கு முடிந்த மட்டும் கொடுப்போம் என்று அதே பட்டியலில் அடுத்தடுத்து வருகிறது. நெய்யை விடுவதும் கோளை விடுவதும் அவளுக்கு ஒரே நோன்பு. நாம் என்ன செய்தோம் என்றால் அந்தப் பாட்டை நடுவில் மடித்து, மேல் பாதியை வைத்துக்கொண்டோம். கவுச்சி, கிழமை, நேரம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கீழ்ப் பாதி செக்‌ஷீட்டில் போய்விட்டது.

உங்கள் கம்பெனியிலும் ஆயுத பூஜை நடந்திருக்கும். ஸ்க்ரூ இறுக்கும் கருவிக்கும் மீட்டருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. மறுநாள் அதே மீட்டரைத் தொடாமலே அதன் பேரில் ஓகே என்று எழுதுகிறோம். பொட்டு வைத்தது எதற்கு என்று அந்த மீட்டர் கேட்காது, அது அதன் நல்ல குணம்.

நெல்லூர்ப் பெண் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. மனிதர்கள் செய்வதை எழுதிவைக்கும் வானவர்கள் உண்டு என்பது அவர்கள் மார்க்கத்து நம்பிக்கை. நமக்கும் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக் கோயிலே உண்டு. சித்ரா பௌர்ணமியன்று வீட்டில் அவர் பேரைச் சொல்லி நோட்டும் பேனாவும் வைத்துப் படைக்கிறவர்கள் நாம். அவள் அவளுடைய எழுத்தரை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள். நாம் நம்முடையவரை வருடத்துக்கு ஒரு நாள் கூப்பிட்டு, சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

இஸ்ரோவின் இன்னொரு கதை என்றேனே, அது சந்திரயான்-2. 2019 ஜூலை 15, பின்னிரவு 2.51-க்குக் கிளம்ப வேண்டியது. அப்போதைய தலைவர் சிவன், நாகர்கோவில் பக்கத்துக்காரர், திருமலைக்குப் போய்க் கும்பிட்டு வந்துவிட்டார். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நாடே தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 56 நிமிடம் 24 விநாடி பாக்கி இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். ராக்கெட்டில் தொழில்நுட்பக் கோளாறு. அந்த இரவில் எத்தனை பேருக்கு "ஓகே வேசேய்" என்று தோன்றியிருக்கும்? அதுதான் கும்பிட்டாயிற்றே, பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று ஒருவர் சொல்லியிருந்தால்? யாரும் அப்படிச் செய்யவில்லை. சரிசெய்து, ஒரு வாரம் கழித்து ஜூலை 22 மதியம் 2.43-க்கு விட்டார்கள், ஏறியது. திருமலைக்குப் போனதைவிட, கவுன்ட்டவுனை நிறுத்தியதில்தான் எனக்கு அவர்களுடைய பக்தி தெரிந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பெயர்கள் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், இரவு ஷிப்ட். ஒரு உதிரிபாகத்தின் துளை அளவை மணிக்கு ஒரு தடவை கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் தூக்கம் அழுத்தியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மூன்று, நான்கு, ஐந்து மணிக்கான அளவுகளை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதினேன். பார்ப்பவர் நம்புவதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதும் சாமர்த்தியமும் இருந்தது. அந்த நேரம் பார்த்து மெஷினில் டூல் தேய்ந்துபோயிருக்கிறது. இரவு ஓடிய சரக்கு முழுவதும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. என் தாளில் எல்லாம் சரியாக இருந்ததால் பழி மெஷின் ஓட்டியவர் தலையில் விழுந்தது. கான்ட்ராக்ட் ஆள். செட்டிங்கைத் தொட்டிருப்பார் என்று சொல்லி அடுத்த வாரமே அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த மாதமே திருப்பதி போய், அன்றைக்கு என் சக்திக்கு மீறிய தொகையாக நூறு ரூபாய் உண்டியலில் போட்டேன். உண்டியல் வாங்கிக்கொண்டது. ரசீது தரவில்லை.

தெரிந்தே போட்ட டிக் தாளோடு போவதில்லை அம்மா. அது யாருடைய தலையிலாவது போய் இறங்கும். சென்னை மெட்ரோ ரயிலில் நான் அடிக்கடி போகிறேன். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உங்கள் ஸ்ரீ சிட்டியில் செய்தவை. ஏறும்போது எந்த போல்ட்டையும் நான் தொட்டுப் பார்ப்பதில்லை. முகம் தெரியாத ஒருவர் அளந்துவிட்டுத்தான் எழுதியிருப்பார் என்று நம்பி உட்காருகிறேன். சாமியிடம் வைப்பதற்கும் அந்த ஆளிடம் வைப்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான், நம்பிக்கை. நீங்கள் செய்யும் பொருளையும் யாரோ ஒருவர் அப்படி நம்பித்தான் வீட்டுக்கு வாங்கிப் போகிறார்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே லைனில் நின்று வீரம் பேசாதீர்கள். உங்கள் சம்பளத்தில் ஓடும் வீடு அது, எனக்குத் தெரியும். லைன் லீடரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு மேலேயும் டார்கெட் வைத்து ஒருவர் நிற்பார். பத்துப் பேர் முன்னால் கேட்காமல், டீ இடைவேளையில் தனியாகக் கேளுங்கள்: "அண்ணா, கடைசி இரண்டு மணிக்கு அளக்க நேரம் போதவில்லை, பத்து நிமிடம் ரிலீவர் கொடுக்க முடியுமா?" நேரே அவரிடமே சொல்வது கோள் ஆகாது, ஆண்டாள் தடுத்தது முதுகுக்குப் பின்னால் சொல்வதை. ரிலீவர் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு மணிக்கும் ஐந்து பீஸை அந்த மணி எழுதி டிரேயில் தனியாக எடுத்து வைக்க அனுமதி கேளுங்கள். ஓட்டம் குறையும்போது அளந்து, அளந்த நேரத்தையே எழுதலாம். பல இடங்களில் நாங்கள் இப்படித்தான் சமாளித்தோம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்துக்கு வசவு விழும். ஆனால் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் எவனுக்கும் காலிக் கட்டம் ஒரு கேள்வியாகத் தெரியும், பொய் டிக் தெரியவே தெரியாது. நான் பார்த்த வரையில், தொடர்ந்து நான்கு நாள் காலியாக இருந்தால் மேலேயிருந்து ஆள் இறங்கி வந்து டார்கெட்டைப் பார்ப்பார்கள். நெல்லூர்ப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கேட்டால் பிடிவாதம் என்பார்கள், இருவர் கேட்டால் யோசனை என்பார்கள்.

கடைசியாக முடி. இதில் நான் உங்கள் பக்கம். வேண்டுதல் என்பது வேண்டியவர் வாயிலிருந்து போன வாக்கு. அதை அவர்தான் கட்ட வேண்டும், கடன் வாங்கியவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர் என்றால் சரியில்லை. கைக்குழந்தைக்கு அம்மா வேண்டிக்கொள்ளலாம். 24 வயதுப் பெண்ணின் தலைமுடி அவளைக் கேட்டுவிட்டு வேண்ட வேண்டியது. ஆனால் இதைச் சொல்லி அம்மாவோடு வழக்காடாதீர்கள். அப்பா இல்லாத வீட்டில் பெண்ணுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில், கையில் வேறொன்றும் இல்லாதபோது கண்ணில் பட்டதை எடுத்து நீட்டியிருக்கிறார்.

வட்டிப் பேச்சுக்கு மட்டும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிவிட்டு இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறவர்தான் ஏழுமலையான் என்பது தலபுராணக் கதை. தானே கடன்காரராக இருப்பவருக்குத் தவணை தள்ளிப்போகும் வீட்டு நிலைமை தெரியாமலா போகும்? தம்பியின் காய்ச்சலை அவர் அனுப்பவில்லை. கொசு அனுப்பியிருக்கும். இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

வழியும் சாஸ்திரத்திலேயே இருக்கிறது. பூமுடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நுனியில் மூன்று கத்தரி வெட்டுவது. பெருமாள் தலையில் பட்ட காயத்தை மறைக்கத் தன் கூந்தலைக் கொடுத்தவள் நீளாதேவி என்று திருமலைக் கதை சொல்கிறது. அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பார்த்த மாத்திரத்தில் அவளாகவே கொடுத்தாள். நீங்களாக மனம் வந்து கொடுக்கும் மூன்று கத்தரி போதும். அம்மாவுக்கு அது குறையாகத் தோன்றினால், அவர் விருப்பப்பட்டால், தம் முடியைத் தாமே இறக்கட்டும். பெண்களுக்கு மழிக்கப் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள்.

இரவு ஷிப்ட் வாரம் முடிந்து விடுமுறை வரும் நாளில் இருவரும் கிளம்புங்கள். திருமலையில் முடி இறக்கும் கல்யாணக் கட்டா இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும், ராகு காலத்திலும். பூமுடிக்குக் கட்டணம் கிடையாது.